8 லட்சம் இருக்கிறது, 50 ஆடு வாங்கலாமா?

கேள்வி: மில் வேலையை விட்டதில் கையில் 8 லட்சம் இருக்கிறது. அருப்புக்கோட்டைப் பக்கம் கிணற்றோடு 2 ஏக்கர் உண்டு. 4 லட்சத்தில் பரண் கொட்டகை (தரையிலிருந்து உயர்த்திப் பலகைத் தளம் போட்டது) போட்டு, 50 வெள்ளாடு வாங்க நினைக்கிறேன். 100 ஆடாகப் போட்டால் மானியம் உண்டு என்கிறான் மகன். லாபம் வருமா?

பதில்: ஆட்டில் லாபம் உண்டு. ஆனால் நீங்கள் சொல்கிறபடி செய்தால் முதல் வருடமே கை வறண்டுவிடும். பாதிப் பணம் பரணுக்குப் போகிறது. பரண் குட்டி போடாது.

50 வேண்டாம், முதலில் 20 பெட்டை, ஒரு கிடா என்று கணக்குப் போடுவோம். சினைக்காலம் ஐந்து மாதம். நன்றாகப் பராமரித்தால் இரண்டு வருடத்தில் மூன்று ஈத்து (குட்டி போடுவது) எடுக்கலாம். ஈத்துக்கு ஒன்றரைக் குட்டி என்றால் வருடத்துக்கு 45. பத்தில் ஒன்று செத்தால் 40 மிஞ்சும், பத்தில் மூன்று செத்தால் 31. குறைகிற 9 குட்டி, உருப்படி 6,000 என்றாலும் 54,000 ரூபாய். பெட்டைக்குத் தினம் கால் கிலோ அடர்தீவனம் (தானியம், புண்ணாக்குக் கலவை), கிலோ 30 ரூபாய் என்றால் இருபதுக்கும் வருடச் செலவு 54,750. குட்டிச் சாவைத் தடுத்தாலே அந்தத் தீவனக் காசு ஏறக்குறைய வந்துவிடுகிறது. (விலைகள் என் அனுமானம். உங்கள் சந்தை விலையைப் போட்டுப் பாருங்கள்.)

அதனால் ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரி நோய்களுக்குத் தடுப்பூசி, குடற்புழு நீக்கம், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், மழைக்காலத்தில் ஈரமில்லாத தரை, இதற்கெல்லாம் கஞ்சத்தனம் வேண்டாம். ஆடு வருவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே தீவனச் சோளம், வேலிமசால் விதைத்து, வரப்பில் அகத்தி வைத்துவிடுங்கள். பசுந்தீவனத்தை விலைக்கு வாங்கிப் போட்டால் மிச்சம் எதுவும் இருக்காது.

மகன் சொல்வது தேசிய கால்நடை இயக்கத்தின் 50% மானியம். அதில் குறைந்த அளவே 100 பெட்டை, 5 கிடா. முதலில் உங்கள் பணத்தையும் வங்கிக் கடனையும் இறக்கியாக வேண்டும். மானியம் தவணையாகத்தான் வரும். ஆடு வளர்த்துப் பழகாமல் அவ்வளவு கடன் வேண்டாம்.

இந்த 21 ஆட்டுக்கு 2 லட்சம், எளிய கொட்டகைக்கும் வேலிக்கும் 1 லட்சம், தீவனம், மருந்துக்கு 2 லட்சம். மீதி 3 லட்சம் வங்கியில் வீட்டுச் செலவுக்கு இருக்கட்டும். இன்று வாங்குகிற ஆடு சினைப்பட்டு ஈன்று, குட்டி விற்கிற பருவம் வர ஒரு வருடம் ஆகும். முதல் இரண்டு ஈத்துக்குள் இருக்கிற ஆடாகப் பார்த்து வாங்குங்கள், பல்லைப் பார்த்து வயதைத் தெரிந்துகொள்ளாமல் காசு கொடுக்காதீர்கள்.

விற்கும்போது வியாபாரியின் கண் மதிப்பை நம்பாமல் தராசில் நிறுத்து உயிர் எடைக்குக் கொடுங்கள். நல்ல கிடாக்களை பக்ரீத் வரை வைத்திருக்கலாம், தீவனம் கையில் இருந்தால் மட்டும்.

அப்புறம், காப்பீடு எடுத்தால் காதுத் தோடு (காதில் மாட்டுகிற அடையாள எண் வில்லை) விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தோடு இல்லாமல் செத்த ஆட்டுக்கு இழப்பீடு வாங்குவது பெரும்பாடு.