கையுறையும் வங்கிப் பெட்டகமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கறுப்பின அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம் ஓ.ஜே. சிம்ப்சன் மீதான இரட்டைக் கொலை வழக்கைச் சொல்லும் ‘ஓ.ஜே.: மேட் இன் அமெரிக்கா’ ஆவணப்படத்தை இரண்டே இரவுகளில் பார்த்து முடித்தேன். சட்டம் படிக்கிறேன் என்பதால் கேட்கிறேன். ஆதாரமாகக் காட்டிய கையுறை நீதிமன்றத்தில் சிம்ப்சன் கைக்குப் பொருந்தவில்லை. வழக்கின் துப்பறிவாளர் மார்க் ஃபர்மனின் இனவெறிப் பேச்சு ஒலிநாடாவிலேயே இருந்தது. அப்படியானால் ஜூரிகள் சிம்ப்சனை விடுவித்தது சரிதானே? ஒரு வழக்கைச் சொல்ல ஏறக்குறைய எட்டு மணி நேரம் தேவையா?

ர.

அன்புள்ள ர.,

நீளம் பற்றிய கேள்வியை விட்டுவிடுவோம். இரண்டே இரவில் பார்த்து முடித்தவர் கேட்கிற கேள்வியா அது?

தீர்ப்புக்கு வருகிறேன். சந்தேகம் இருந்தால் ஜூரி விடுவிக்கத்தான் வேண்டும். ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்து நொறுக்கிய காவலர்களை 1992இல் ஒரு ஜூரி தண்டிக்காமல் விட்டது. அதே லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறையை 1995இல் நம்பு என்றால் கறுப்பின மக்கள் எப்படி நம்புவார்கள்? இயக்குநர் எஸ்ரா எடல்மேன் இதைப் பொறுமையாகக் காட்டியிருக்கிறார். எனக்கு மறுப்பே இல்லை.

என் கோபம் வேறு, தம்பி. கொல்லப்பட்ட சிம்ப்சனின் முன்னாள் மனைவி நிக்கோல் பிரவுன். உங்கள் கடிதத்தில் அந்தப் பெயரே இல்லை. அவருடன் கொல்லப்பட்ட ரொனால்டு கோல்ட்மேனும் இல்லை. கையுறை மட்டும் இருக்கிறது.

1989 புத்தாண்டு அதிகாலை. அழைப்பு வந்து காவலர்கள் சிம்ப்சன் வீட்டு வாசலுக்குப் போகிறார்கள். புதருக்குள்ளிருந்து நிக்கோல் ஓடிவருகிறார். மேலே உள்ளாடை மட்டும், கீழே சேறு படிந்த கால்சட்டை, முகமெல்லாம் காயம். ‘என்னைக் கொன்றுவிடுவான்’ என்கிறார். எட்டு முறை வந்தீர்கள், ஒன்றும் செய்யவில்லையே என்று அவர்களிடமே கேட்கிறார். சிம்ப்சன் வெளியே வந்து, இது குடும்ப விஷயம் என்கிறார். அப்புறம் காரை எடுத்துக்கொண்டு கிளம்பியே விட்டார்! கடைசியில் கிடைத்தது 120 மணி நேரச் சமூகசேவை, அபராதம், நன்னடத்தைக் கண்காணிப்பு. சிறை கிடையாது. ஐந்தரை ஆண்டு கழித்து, 1994 ஜூன் 12 இரவு, நிக்கோல் தன் வீட்டு வாசலில் குத்திக் கொல்லப்பட்டார்.

விசாரணை மாதக்கணக்கில் நடந்தது. ஜூரிகள் கூடிப் பேசியது நான்கு மணி நேரம்கூட இல்லை. குடும்ப வன்முறைச் சாட்சியமெல்லாம் வீண் வேலை, இது கொலை வழக்கு என்று ஜூரர் ஒருவர் பிறகு சொன்னார். இதுவும் அதே ‘குடும்ப விஷயம்’தான், நீதிமன்றம் வரை வந்துவிட்டது. கையுறையைப் பிடித்துக்கொண்டு நீங்களும் அந்த வரிசையில் போய் நிற்கிறீர்கள். சட்டம் படிக்கிறவர் நிற்கலாமா?

நிக்கோல் இறந்தபின் அவருடைய வங்கிப் பெட்டகத்தைத் திறந்தார்கள். அடிபட்ட முகத்தின் புகைப்படங்கள், சிம்ப்சன் எழுதிய மன்னிப்புக் கடிதங்கள், ஓர் உயில். இறக்கும்போது அவருக்கு 35 வயது. அந்த வயதில் யார் உயில் எழுதிப் பூட்டி வைப்பார்கள்? காவலர்கள் கேட்காததை என்றாவது யாராவது கேட்கக்கூடும் என்று ஆதாரத்தை அவரே சேர்த்து வைத்திருக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. அரசுத் தரப்பில்கூட இவ்வளவு ஒழுங்கு இருந்ததா, சொல்லுங்கள்.

நல்ல வக்கீலாக வருவீர்கள், கடிதத்திலேயே தெரிகிறது. அதனால்தான் இவ்வளவு திட்டு. 1989 பற்றிய பகுதியை மறுபடி பாருங்கள். 1997 சிவில் வழக்கில் இன்னொரு ஜூரி சிம்ப்சனைக் கொலைகளுக்குப் பொறுப்பாக்கி, 3.35 கோடி டாலர் தரச் சொன்னதையும் படித்துவிட்டு எழுதுங்கள். தேர்வு முடிந்த பிறகு போதும், அவசரமில்லை.