தாமானில் சமூகப் பணி: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: மலேசியாவில் பாகாவ் பக்கம் தோட்டம் மூடிய பிறகு எங்கள் தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்குக் குடிவந்த குடும்பங்கள் நிறைய. நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து ஏதாவது செய்ய நினைக்கிறோம். தீபாவளிக்கு அரிசி, எண்ணெய் கொடுத்துத் தொடங்கலாமா?

பதில்: அரிசியோடு போகாதீர்கள். முதல் தடவை பொருளோடு போனால், அடுத்த தடவை கையைத்தான் பார்ப்பார்கள். பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை என்பது போன்ற விஷயம் வாயில் வராது.

இருவர் இருவராகப் போங்கள். ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். வேலை முடிந்து குளித்துச் சாப்பிட்ட நேரம் பார்த்துப் போவது நல்லது. முதல் மாதம் 20 வீடு போதும். வீட்டில் யார் யார், யாருக்கு அடையாள அட்டை இல்லை, எந்தப் பிள்ளை பள்ளிக்குப் போவதில்லை, யார் படுத்த படுக்கை: இவ்வளவுதான் தெரிய வேண்டும். பாரத்தை நீட்டிக் கேட்டால் அரசாங்க ஆள் என்று பயப்படுவார்கள். பேசிவிட்டு வந்து எழுதுங்கள். அந்த நோட்டு ஒருவர் பொறுப்பில் பூட்டி இருக்கட்டும். படம் எடுத்து வாட்சாப்பில் போடவே வேண்டாம்.

பெரும்பாலும் பத்திரச் சிக்கல்தான் முதலில் தலைதூக்கும். கோயிலில் தாலி கட்டினால் போதும் என்று பலர் பதிவை விட்டுவிடுகிறார்கள். 1982 மார்ச் முதல் முஸ்லிம் அல்லாதோர் திருமணத்துக்குப் பதிவு கட்டாயம். பதிவு இல்லாவிட்டால் பிள்ளையின் குடியுரிமை அம்மாவைப் பொறுத்தே அமையும். அம்மாவிடம் எந்தப் பத்திரமும் இல்லையென்றால், அப்பா நீல அடையாள அட்டை வைத்திருக்கும் குடிமகனாக இருந்தும் பிள்ளை அந்நியராகிவிடும். அதனால் கர்ப்பிணி இருக்கும் வீட்டில் குழந்தை பிறக்குமுன்னே திருமணப் பதிவைக் கேளுங்கள். தீபகற்ப மலேசியாவில் பிறப்பை 60 நாளுக்குள் பதிய வேண்டும். தாண்டினால் தாமதப் பதிவு: கூடுதல் சான்று, நேர்காணல், நீண்ட காத்திருப்பு.

பிறப்பையும் அடையாள அட்டையையும் பதியும் தேசியப் பதிவு இலாகாவுக்குக் குடும்பத்தோடு கூடவே போங்கள், ஆனால் அம்மாவே பேசட்டும். பெற்றோர் அடையாள அட்டை, திருமணப் பத்திரம், மருத்துவமனைச் சான்று, கர்ப்பகால கிளினிக் புத்தகம் அனைத்திலும் அசலும் நகலும் வேண்டும். அசலை ஒருநாளும் உங்களிடம் வைத்துக்கொள்ளாதீர்கள். தொலைந்தால் அந்தக் குடும்பம் மறுபடி ஆரம்பத்திலிருந்து அலைய வேண்டும். விண்ணப்ப எண்ணையும் தேதியையும் குறியுங்கள். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வழக்கறிஞர் முதலில் கேட்பது அதைத்தான்.

வீட்டில் அடிதடி என்று தெரிந்தால் பஞ்சாயத்து பேச உட்காராதீர்கள். நீங்கள் கிளம்பிய பிறகு அடி அதிகமாகும். அந்தப் பெண்ணிடம் தனியாக 15999 என்ற அரசாங்க உதவி எண்ணைச் சொல்லுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள். உயிருக்கு ஆபத்தென்றால் உடனே அவசர எண் 999.