பத்து நாளில் பேஸ்டை மாற்றாதீர்கள்

பல் கூச்சத்துக்கான பேஸ்டைப் பத்து நாள் தேய்த்தும் கூச்சம் போகவில்லை, வேறு பேஸ்ட் மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு மாற்ற வேண்டாம். இந்த வகைப் பேஸ்ட் பத்தே நாளில் முழுப் பலன் தராது. அதிலுள்ள பொட்டாசியம் நைட்ரேட் என்ற மருந்து நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அமைதிப்படுத்தும். தினம் இரண்டு வேளை, 2 முதல் 4 வாரம் தேய்த்துப் பாருங்கள்.

மேல் இடது பக்கம் மட்டும் பச்சைத்தண்ணீர் பட்டாலே சுரீர் என்கிறது, பிரஷ் முரடானது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் பிரஷ் மேல்தான் சந்தேகம். வலக்கைக்காரர்கள் இடது பக்கத்தைத்தான் பெரும்பாலும் அழுத்தித் தேய்ப்பார்கள். அப்படித் தேய்த்துத் தேய்த்து ஈறு இறங்கினால், எனாமல் என்ற கடினமான மேலுறை இல்லாத வேர்ப்பகுதி வெளியே வந்துவிடும். அங்குள்ள நுண்துளைகள் வழியாகத்தான் குளிர் நரம்பை எட்டுகிறது.

கண்ணாடி முன் நின்று உதட்டை விலக்கிப் பாருங்கள். ஈறோரம் மஞ்சளாக ஒரு பட்டை தெரிகிறதா? நகத்தை வைத்தால் சின்னப் பள்ளம் தட்டுப்படுகிறதா? அப்படியென்றால் இன்றே மிருதுவான பிரஷ் வாங்கிவிடுங்கள். தேய்த்தபின் நுரையைத் துப்பினால் போதும். நீங்கள் செய்வதுபோல் நாலைந்து முறை கொப்பளித்தால் மருந்தும் சேர்ந்து போய்விடும். அப்புறம், படுக்கும் முன் அந்த இடத்தில் விரலால் கொஞ்சம் பேஸ்ட் தடவி விடுங்கள்.

ஒன்று மட்டும் கவனம். சில நொடியில் அடங்கினால்தான் அது வெறும் கூச்சம். வலி நிமிடக்கணக்கில் நின்றாலோ, சூடான காபிக்கும் வலித்தாலோ, தூக்கத்தைக் கலைத்தாலோ நாள் கடத்தாமல் பல் மருத்துவரைப் பாருங்கள்.