மக்காடமியாவுக்காகக் காப்பியை எடுக்கலாமா?

கேள்வி: தாண்டிக்குடி பக்கம் எனக்கு 4 ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது. மக்காடமியா பருப்பு கிலோ 2,000 ரூபாய்க்கு மேல் போகிறது, உலகம் முழுக்கத் தட்டுப்பாடு என்று கன்று விற்பவர் சொல்கிறார். 1 ஏக்கர் காப்பியை எடுத்துவிட்டு இதை வைக்கலாமா?

பதில்: காப்பியை எடுக்காதீர்கள். அவர் சொல்லும் தட்டுப்பாடு 2010களோடு போய்விட்டது.

அப்போது சீனாவில் இதை ஓட்டோடு வறுத்துத் தின்னும் பழக்கம் பரவி விலை ஏறிக்கொண்டே போனது. அதைப் பார்த்துப் பல நாட்டினரும் நட்டார்கள். இது ஆஸ்திரேலியக் காட்டு மரம். பெரிய அளவில் தோட்டப் பயிராக்கியது ஹவாய். இன்று இரண்டையும் தாண்டித் தென்னாப்பிரிக்கா முதலிடத்தில் இருக்கிறது. கென்யா, குவாதமாலா, வியட்நாம் என்று பரப்பு விரிகிறது. எல்லாரையும் விட அதிகப் பரப்பில் நட்டிருப்பது சீனாவின் யுன்னான் மாகாணம். அங்கே ஏராளமான மரங்கள் இன்னும் முழுக் காய்ப்புக்கு வரவில்லை.

ஒட்டுக்கன்று காய்க்க 4, 5 வருடம், முழு மகசூலுக்கு 10 வருடத்துக்கு மேல் ஆகும். விலை உச்சத்தில் இருந்தபோது நட்டதெல்லாம் ஒரே சமயத்தில் சந்தைக்கு வருகிறது. தக்காளி விலை விழுந்தால் அடுத்த பட்டத்தில் பயிரை மாற்றலாம். 50 வருடம் நிற்கும் மரத்தை யார் வெட்டுவார்கள்? ஆஸ்திரேலியாவில் 2020 வாக்கில் ஓட்டோடு கிலோ 6 ஆஸ்திரேலிய டாலர் வரை வாங்கிய விவசாயிக்கு, 2023இல் 2 டாலர்கூடக் கிடைக்கவில்லை. கென்யாவில் ஓட்டோடு ஏற்றுமதி செய்ய 2009இலிருந்து தடை இருந்தது. விலை விழுந்து காய் தேங்கியதால் 2023இல் அதைத் தற்காலிகமாகத் தளர்த்தினார்கள். பிறகு விலை கொஞ்சம் தேறியது, ஆனால் பழைய உச்சத்தை நம்பிக் கணக்குப் போட முடியாது. கடன் வாங்கி நட்ட சிறு விவசாயிகளை நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது. உங்களுக்கும் அந்த நிலை வரக்கூடாது.

நீங்கள் சொல்லும் 2,000 ரூபாய் கடையில் விற்கும் பருப்பின் விலை. ஓட்டோடு 10 கிலோ உடைத்தால் பருப்பு சுமார் 3 கிலோதான் தேறும். ஓடும் கல் மாதிரி இருக்கும், முந்திரி உடைக்கும் கருவி உதவாது. உதிர்ந்த காயைப் பொறுக்கி 24 மணி நேரத்துக்குள் பச்சைத் தோலை நீக்க வேண்டும். பருப்பில் ஈரம் 1.5 சதவீதத்துக்கு இறங்கும் வரை பக்குவமாக உலர்த்தவும் வேண்டும். இல்லாவிட்டால் காறல் அடிக்கும்.

மண்ணும் குளிர்ச்சியும் உங்கள் பக்கம் ஒத்துவரலாம். நீங்கள் மிளகு ஏற்றும் சில்வர் ஓக் மரமும் இதே குடும்பம், அதுவும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்ததுதான். ஆசை இருந்தால் 10 ஒட்டுக்கன்றுகளை, 2 ரகமாகக் கலந்து, காற்று மறைவான ஓரத்தில் வையுங்கள். வேர் மேலோட்டமாகத்தான் ஓடும், பலத்த காற்றில் மரம் சாய்ந்துவிடும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) உரத்தை அள்ளிப் போடாதீர்கள். அப்புறம், காவல் நாய் இந்தப் பருப்பைத் தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்கு இது நஞ்சு.

கன்று விற்பவரிடம் ரகத்தின் பெயரை எழுதி வாங்குங்கள். காயை யார், எங்கே, ஓட்டோடு என்ன விலைக்கு எடுப்பார்கள் என்றும் கேளுங்கள். விதையில் முளைத்த கன்று என்றால் வேண்டாம், காய்க்க 8 வருடம்கூட ஆகும்.