இன்னொரு ஆள் எப்ப எடுக்கணும்? வாசகர் கேள்வி, அண்ணாச்சி பதில்

கேள்வி: அண்ணாச்சி, பாளையங்கோட்டையில சின்னதா சாஃப்ட்வேர் கம்பெனி வச்சிருக்கேன். ஜவுளிக்கடை, பலசரக்குக் கடை, ஓட்டலுக்கெல்லாம் பில்லிங் சாஃப்ட்வேர் பண்ணிக் குடுக்கோம். என்னைய விட்டுட்டு ஆறு பேரு. நாலு பேரு புரோகிராம் கோடு எழுதுதாங்க, ஒரு தங்கச்சி டெஸ்டிங் பாக்கா, கஸ்டமர் போனும் அவதான் எடுக்கா, ஒரு தம்பி ஊர் ஊரா போயி இன்ஸ்டால் பண்ணுதான். தூத்துக்குடி பார்ட்டி ஒருத்தருக்குக் குடுக்க வேண்டியது ரெண்டு மாசம் லேட்டாயிட்டு. காலேஜ் முடிச்ச புள்ளைங்க நாலு பேர எடுத்துப் போடு, தலைக்குப் பதினஞ்சாயிரம் குடுத்தா போதும்னு மச்சான் சொல்லுதான். எடுக்கலாமா?

பதில்: தம்பி, தூத்துக்குடி வேலைய முடிக்கதுக்காக ஆள் எடுக்காதீங்க, அத மொதல்லயே சொல்லிருதேன். 1960கள்ல ஐபிஎம் கம்பெனியில சிஸ்டம் 360ங்கிற கம்ப்யூட்டருக்கு ஆப்பரேட்டிங் சிஸ்டம் எழுதுன டீமுக்குத் தலைமை தாங்குனவர் பிரெட் புரூக்ஸ், அவர் 1975லயே எழுதி வச்சிட்டாரு, ஏற்கனவே லேட்டான சாஃப்ட்வேர் வேலையில புதுசா ஆள் சேத்தா அது இன்னும் லேட்டாகும்னு. ஏன்னா புதுசா வந்தவனுக்கு யாராவது சொல்லிக் குடுக்கணும், சொல்லிக் குடுக்கது யாரு, இப்ப அந்த வேலைய முடிக்க வேண்டிய அதே நாலு பேருதான். நம்ம பக்கத்துல பிசான நெல் சாகுபடிக்கு நாத்து பிடுங்கி நட்டா பச்சை பிடிக்கவே நாள் ஆகும்ல, அதுவரைக்கும் தண்ணி பாக்க ஆள் நிக்கணும், இதுவும் அப்படித்தான். இன்னொண்ணு, ஆள் கூடக்கூட பேச்சும் கூடும். இப்ப உங்களையும் சேத்து ஏழு பேரு, யாரு யாரோட பேசணும்னு ஜோடி போட்டுப் பாத்தா 21 வரும். நாலு பேர சேத்து பதினோரு பேராயிட்டா அதே கணக்கு 55. அந்தப் பேச்செல்லாம் வேலை நேரத்துலதான் நடக்கும்.

தூத்துக்குடி பார்ட்டிக்கிட்ட நேர்ல போயி உக்காந்து, கடை ஓடுறதுக்கு எது மொதல்ல வேணும், எது பொறவு வந்தா போதும்னு கேட்டு, வேணுங்கிறத மட்டும் மொதல்ல முடிச்சிக் குடுங்க. அந்தப் பிரச்சினை அத்தோட போகட்டும், இப்ப கம்பெனிக்கு ஆள் வேணுமாங்கிறத தனியா பாப்போம்.

உங்க லெட்டர்லயே பதில் இருக்கு, நீங்க கவனிக்கல. நாலு பேரு எழுதுறத டெஸ்ட் பண்ண ஒரே ஒரு புள்ள, அதுலயும் போன் அடிச்சா அவதான் எடுக்கணும். இந்த வாரம் வேலைய எழுதி வைக்க உங்க போர்டுல எந்தெந்த டிக்கெட், அதாவது எந்தெந்த வேலை, எங்கெங்க நிக்குதுன்னு எண்ணிப் பாருங்க. முக்காவாசி எழுதி முடிச்சாச்சு, டெஸ்ட் பண்ணலங்கிற இடத்துல நிக்கும்னுதான் எனக்குத் தோணுது. அப்படி நின்னா இன்னும் நாலு பேர கோடு எழுத விட்டு என்ன ஆகப்போகுது, அந்தப் புள்ள மேசையில குவியல்தான் ஏறும்.

வரிசையில நிக்கதுக்கு ஒரு கணக்கு இருக்கு. வேலை முன்னப்பின்ன வரும், ஒண்ணு சீக்கிரம் முடியும், ஒண்ணு இழுக்கும், அப்படிப்பட்ட இடத்துல ஒரே ஆளோட நேரம் 80 சதவீதம் நிறைஞ்சிருந்தா, புதுசா வர்ற வேலை சராசரியா நாலு வேலை முடியற நேரம் காத்துக் கிடக்கும். 90 சதவீதம்னா ஒன்பது வேலை நேரம், 95ன்னா பத்தொன்பது. உழைப்பு கொஞ்சந்தான் கூடுது, காத்திருப்பு மடங்கு மடங்கா ஏறுது பாத்தீங்களா. அதனாலதான் நேத்து வரைக்கும் நல்லாத்தான போச்சு, திடீர்னு எப்படி எல்லாம் நின்னு போச்சுன்னு முதலாளிமாரு தலையில கை வைக்காங்க. ஆள் தேட வேண்டிய நேரம் அந்த 80ல இருக்கும்போதுதான், அப்பதான் பழைய ஆளுக்குப் புது ஆளோட உக்காந்து சொல்லிக் குடுக்க மூச்சு விட நேரம் இருக்கும்.

இது நெரந்தரமான வேலையாங்கிறதையும் பாக்கணும். 2025 செப்டம்பர் 3ஆம் தேதி ஜிஎஸ்டி கவுன்சில் வரி ரேட்ட மாத்தி, 22ஆம் தேதியில இருந்து அமல்னு சொன்னாங்கல்லா, மூணு வாரம் கூட முழுசா இல்ல, பில்லிங் சாஃப்ட்வேர் வச்சிருக்க எல்லாரும் ராப்பகலா கிடந்தாங்க, ஒவ்வொரு ஐட்டத்துக்கும் ரேட்ட மாத்தி, பழைய பில்லுக்குப் பழைய ரேட்டே காட்டணும், வித்த சாமான் ரிட்டர்ன் வந்தா என்ன பண்ணணும்னு ஆயிரம் போன். அந்த மாதிரி வெள்ளத்த வச்சு ஆள் எடுத்தா வடிஞ்ச பொறவு சம்பளம் மட்டும் நிக்கும். சாதாரண மாசம் ரெண்டு மூணு தொடர்ந்து, அதே இடத்துல, அதே மாதிரி வேலை தேங்குதான்னு பாருங்க, தேங்குனா எடுங்க.

என் யோசனைய கேட்டா, நாலு பேரு வேண்டாம், ஒரே ஒரு ஆளு, அதுவும் இன்ஜினியர் வேண்டாம். அம்பாசமுத்திரம் பக்கமோ களக்காடு பக்கமோ பி.காம் முடிச்சு, கடையில கணக்கு எழுதிப் பழகுன, டேலிங்கிற கணக்கு சாஃப்ட்வேர் தெரிஞ்ச புள்ளைய சப்போர்ட்டுக்கு எடுங்க. கடைக்காரர் போன்ல பில்லு இடிக்குன்னு சொன்னா எங்க இடிக்குன்னு அந்தப் புள்ளைக்கு ஒடனே புரியும். தங்கச்சி முழு நேரமா டெஸ்டிங் பாக்கட்டும்.

செலவுக் கணக்குல இதையும் சேத்துக்கிடுங்க. மச்சான் சொல்லுத மாதிரி நாலு பேர எடுத்தா தொழிலாளர் எண்ணிக்கை பத்து ஆயிரும், பத்து பேரு ஆனா இஎஸ்ஐ வரும், 21,000 ரூபா வரைக்கும் சம்பளம் வாங்குற ஒவ்வொருத்தருக்கும் உங்க பங்கு 3.25 சதவீதம், கிராஜுவிட்டிங்கிற பணிக்கொடையும் பத்து பேருலதான் ஆரம்பிக்கும். இருவது ஆனா பிஎஃப். அதெல்லாம் அந்தப் புள்ளைங்களுக்கு முறையா சேர வேண்டியது, தப்பிக்க வழி பாக்கக் கூடாது, பதினஞ்சாயிரத்தோட முடிஞ்சிரும்னு மட்டும் நெனைக்காதீங்க.

கேள்வி: தென்காசி பக்கம் ஒரு கம்பெனியில டீம் லீடா இருக்கேன் அண்ணாச்சி. அஞ்சு பேரு. இன்னொரு ஆள் வேணும்னு கேட்டா எங்க சார், வாட்ஸப்ப பாரும்மா, எத்தன பேர வச்சு ஓட்டுனாங்கன்னு சொல்லி அனுப்பிருதாரு. எப்படிக் கேக்கது?

பதில்: சார் சொல்லுதது நெசந்தான்மா. 2014ல ஃபேஸ்புக் வாட்ஸப்ப வாங்குனப்ப 45 கோடி பேரு அத உபயோகிச்சாங்க, கம்பெனியில மொத்தமே 55 பேருதான். ஆனா அவங்க விளம்பரம் கிடையாது, கேம் கிடையாதுன்னு வேண்டாம்னு சொல்லிச் சொல்லியே அந்த அளவுல நின்னாங்க, எல்லாருக்கும் ஒரே ஆப். உங்க இடத்துல ஒவ்வொரு கஸ்டமருக்கும் தனித்தனியா மாத்திக் குடுக்கீங்களா, அப்ப அந்த உதாரணம் பொருந்தாது. வாட்ஸப் மாதிரி கொறச்ச ஆளு இருக்கணும்னா வாட்ஸப் மாதிரி வேலையும் கொறையணும், ரெண்டுல எதுன்னு சாரையே சொல்லச் சொல்லுங்க, மரியாதையாத்தான் கேக்கணும்.

எல்லாரும் அசந்து போயிருக்கோம்னு போயி நிக்காதீங்க, நெசமா இருந்தாலும் அத கேட்டு யாரும் ஆள் குடுக்க மாட்டாங்க. நாலு வாரம் ஒரு நோட்டுல எழுதுங்க. எந்த வேலைய தள்ளிப் போட்டோம், அதனால எந்த கஸ்டமர் எத்தன நாள் காத்திருந்தாரு, ராத்திரி சர்வர் படுத்தா யார எழுப்புனோம், இவ்வளவு போதும். கூடவே இன்னொண்ணு எழுதுங்க, ஊர்ல கோயில் கொடைன்னு ஒருத்தர் மூணு நாள் லீவு போட்டப்ப எது நின்னுச்சு? கொடைக்குப் போன புள்ளைக்கு வில்லுப்பாட்டு சத்தத்துக்கு நடுவுல போன் போட்டு, அந்த பேமெண்ட் ஃபைல் எங்க இருக்குன்னு கேட்டிருந்தீங்கன்னா, அந்த வேலை ஒரே ஒரு ஆளோட தலைக்குள்ள மட்டும் இருக்குன்னு அர்த்தம். அது ரொம்ப ஆபத்தும்மா. அந்த ஆளு நாளைக்கே பெங்களூருக்குப் போயிட்டா என்னன்னு சாருக்குச் சொல்லாமலே புரிஞ்சிரும். ஒருவேளை டீமுக்குள்ளயே இன்னொருத்தருக்கு அத சொல்லிக் குடுத்தா தீரும்னா மொதல்ல அத செய்ங்க, அதுக்கும் நேரம் இல்லைன்னு ஆச்சுன்னா அதையே நோட்டுல எழுதிக் காட்டுங்க.

கேள்வி: சுரண்டையில புதுசா டீம் ஆரம்பிக்கேன். இப்பதான் காலேஜ் முடிச்ச ஃப்ரெஷரா, அனுபவம் உள்ளவங்களா? நம்ம ஊருக்கு யாரு வருவா?

பதில்: மொதல்ல அனுபவம் உள்ள ஒரு ஆளு, அவரு ஒரு ஆறு மாசம் ஊன்றி நின்ன பொறவு ஃப்ரெஷர் ரெண்டு பேரு. சொல்லிக் குடுக்க ஆளில்லாம ஃப்ரெஷர எடுக்கது அந்தப் புள்ளைங்களுக்குச் செய்யுற பாவம், மொத வேலையிலயே தனக்கு எதுவும் வராதுன்னு மனசு ஒடைஞ்சிரும். வருவாங்களான்னு கேக்காதீங்க. ஜோஹோ சாஃப்ட்வேர் கம்பெனி 2011லயே தென்காசி பக்கம் மத்தளம்பாறையில ஆபீஸ் போட்டு ஆள் வந்தாச்சு. ஞாயித்துக்கெழம ராத்திரி திருநெல்வேலி ஜங்ஷனுக்குப் போயி சென்னைக்குப் போற நெல்லை எக்ஸ்பிரஸ் கெளம்புற பிளாட்பாரத்துல நில்லுங்க, லேப்டாப் பையோட எத்தன புள்ளைங்க ஏறுதுன்னு பாருங்க. அவங்கள்ல அப்பா அம்மாவுக்கு வயசாயிட்டு, ஊர்லயே இருந்தா தேவலைன்னு நெனைக்கவங்க இருக்காங்க. சென்னை சம்பளத்துல பாதியக் குடுத்து கூப்புடாதீங்க, ஊர்ல வாடகை கம்மிதானன்னு பேரமும் பேசாதீங்க. என்ன வேலை, யாருக்காக, எவ்வளவு சம்பளம்னு மொத போன்லயே தெளிவாச் சொல்லிருங்க.