கேள்வி – பதில்: தொழினுட்ப ஆசிரியர் மாநாடு

கேள்வி: உயர்தரத்தில் பொறியியல் தொழினுட்பவியல் கற்பிக்கிறேன். அமெரிக்காவில் தொழினுட்ப, பொறியியல் ஆசிரியர்களுக்கென ஆண்டுதோறும் மாநாடு நடக்கிறதாமே. செல்ல வசதியற்ற எங்களுக்கு அதனால் பயனுண்டா?
– வாசகர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: உண்டு. அதை நடத்தும் சர்வதேச தொழினுட்ப, பொறியியல் கல்வியாளர் சங்கம் (ITEEA) 1939 இல் கைத்தொழிற்கலை ஆசிரியர்களுக்காகத் தொடங்கப்பட்டு, 2010 இல் பொறியியலையும் தன் பெயரில் சேர்த்துக்கொண்டது. விருதுகளும் வரவேற்புரைகளும் எங்கும் உள்ளவைதான்; தம் வகுப்பில் செய்து பார்த்த பயிற்சியை ஓர் ஆசிரியர் சக ஆசிரியர்கள் முன் செய்துகாட்டி, அவர்களின் குறுக்குக் கேள்விகளுக்கு விடையளிப்பதே அங்கு பெறுமதியானது. அச்சங்கம் 2020 இல் வெளியிட்ட கற்பித்தல் நியமங்கள், 2013 இல் ஆரம்பமான நமது தொழினுட்பவியல் துறையின் பாடத்திட்டத்துக்கு மாற்றாகா. எனினும் செய்முறை வகுப்பைத் திட்டமிட உதவும்.

செய்துகாட்டிக் கேள்விகளுக்கு விடையளிக்கும் அந்த முறையை இங்கேயே பின்பற்றலாம். வெற்றிரும்பு, வர்ணம் பூசிய இரும்பு, நாகப்பூச்சிட்ட (துத்தநாகம் பூசிய) இரும்பு ஆகிய மூன்று துண்டுகளிலும் ஆணியால் கீறி, கடற்காற்றுப் படும்படி பாடசாலைக் கூரையோரம் தொங்கவிட்டு, வாரந்தோறும் மாணவர்களைக் கொண்டு பதிவுசெய்வியுங்கள். கீறலில் வர்ணத்தின் அடியில் துரு பரவுவதையும், நாகம் தான் முதலில் அரிபட்டு இரும்பைக் காப்பதையும் அவர்களே காண்பார்கள். அந்தப் பதிவேடுகளுடன் வலயத்து ஆசிரியர்கள் ஒரு சனிக்கிழமை கூடினால், புள்ளியிடும் முறையையும் அங்கேயே பேசித் தீர்க்கலாம்.