58 கிலோவுக்கு 7.06 பாய் அதிகம்

58 கிலோ எடை, தனி ஆள், மேட்டூரில் 18 நாட் (மணிக்கு சுமார் 33 கி.மீ.) காற்று, லேசர் என்ற சின்னப் பாய்மரப் படகு கவிழ்ந்துகொண்டே இருக்கு என்று கேட்ட சேலம் நண்பருக்கு: தப்பு உங்க மேல இல்லை, 7.06 சதுர மீட்டர் பாய் மேலதான். காற்று 12 நாட்டிலிருந்து 18 ஆனால் பாய் மேல் விழும் விசை ஒன்றரை இல்லை, 2.25 மடங்கு. உங்க எடைக்கு 5.76 பாய் போதும். கை பழகும்வரை இந்தக் காற்றுக்கு 4.7 போடுங்க.

படகு அதேதான். ஆனா பாயோடு அதற்குரிய குட்டையான கீழ்ப் பாய்மரத்தையும் (மரத்தின் அடித்துண்டு) வாங்கணும். நீள மரத்தில் சின்னப் பாயை மாட்டினால் பாயின் அடிவிளிம்பு பூமுக்கு (பாயின் அடியில் கிடையாக இருக்கும் கம்பு) ரொம்ப மேலே தொங்கும்.

பாயின் முன்விளிம்பைக் கீழே இழுத்துப் பாயின் வலுவைக் குறைக்கும் கன்னிங்ஹாம் கயிற்றை அழுத்தி இழுங்க. மரத்தையொட்டி நெடுக்காகச் சுருக்கம் விழுந்தாலும் பரவாயில்லை. மலைப்பக்கமிருந்து திடீர்க் காற்று அடித்தால் மெயின்ஷீட்டை (பாயை உள்ளே இழுத்துப் பிடிக்கும் கயிறு) உடனே ஒரு முழம் தளர்த்தி விடுங்க. அந்தக் கயிறு எப்பவும் கையிலேயே இருக்கட்டும், கிளீட்டில் (கயிற்றைப் பிடித்து நிறுத்தும் கவ்வி) பூட்டவே கூடாது.